வன்னியில் ஒரு பணியிடத்துக்கு இலவசத் தேநீர் ஏற்பாடு செய்வது எப்படி

ஊழியர்களுக்கு இலவசமாகத் தேநீரும் சிற்றுண்டியும் கொடுப்பதென்று ஒரு நிறுவனம் தீர்மானித்தவுடன் கூட்டத்தில் முதலில் எழுவது பெரும்பாலும் செலவைப் பற்றிய கேள்விதான். வன்னியில் அந்தக் கேள்வியை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவைக்கலாம். எந்தத் தண்ணீரில் தேநீர் போடுவது, அதை யார் போடுவது என்ற இரண்டுக்கும் விடை கண்ட பின்னரே கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். இத்தகைய ஏற்பாடுகள் காசில்லாமல் நின்றுபோவதைவிட, கேத்தல் பழுதாகியும் கோப்பை கழுவ ஆளில்லாமலும் நின்றுபோவதே அதிகம். இங்கே எழுதப்படுபவை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கங்களில் ஏறத்தாழ 30 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தையோ அரிசி ஆலையையோ தையல் நிலையத்தையோ மனதில் வைத்தவை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். எங்கள் பகுதியின் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது வன்னீர், அதாவது கல்சியம் கூடிய தண்ணீர். அந்தத் தண்ணீரில் போட்ட பிளேன்ரீயைச் சற்று ஆறவைத்துப் பார்த்தால், மேலே ஒரு மெல்லிய பழுப்புப் படலம் படிந்திருப்பதையும், கோப்பையை அசைத்ததும் அது வெடித்த கண்ணாடி போலத் துண்டு துண்டாகப் பிரிவதையும் காணலாம். தேயிலை கூடாதென்று கடைக்காரரைக் குறை சொல்வது வழக்கம். உண்மையில் தண்ணீரிலுள்ள கல்சியமும் தேயிலைச் சாயமும் சேர்வதால் உண்டாகும் படலம் அது, சில துளி தேசிக்காய்ப்புளி விட்டால் தோன்றாது. அதே கல்சியம்தான் மின்கேத்தலின் அடியில் வெள்ளைக் காறையாகப் படிந்து, கொதிக்கும் நேரத்தைக் கூட்டி, இறுதியில் கேத்தலையே எரித்துவிடுகிறது. இரண்டு கிழமைக்கு ஒரு முறை கேத்தலில் தேசிக்காய்ப்புளியோ வினாகிரியோ கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரைமணி நேரம் விட்டு, ஊற்றிக் கழுவினால் காறை கழன்றுவிடும்.

காறை கேத்தலுக்குத்தான் கேடு. புளோரைட்டு மனிதருக்குக் கேடு. இலங்கைத் தரநிர்ணயத்தின்படி குடிநீரில் புளோரைட்டு ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, ஆனால் வவுனியாவையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் சேர்ந்த சில கிணறுகளில் அது கூடுதலாகவே இருக்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோயும் அந்தப் பக்கங்களில் காணப்படுவதால் இதில் அசட்டையாக இருக்கக்கூடாது. கொதிக்கவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை தவறானது: கொதி கிருமியைக் கொல்லுமே தவிரப் புளோரைட்டை நீக்காது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். தேயிலையிலிருந்தும் ஓரளவு புளோரைட்டு இறங்குகிறது. ஆகவே கிணற்றுத் தண்ணீரின் மாதிரியைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிவு திருப்தியாக இல்லாவிட்டால் குழாய்நீரையோ சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரையோ எடுங்கள். 30 பேருக்கு நாளுக்கு இரண்டு கோப்பை தேநீர் என்றால் 12 லீற்றர் போதும். குடிதண்ணீர் இதற்குப் புறம்பானது.

அடுத்தது ஆள். எழுதப்படாத வழக்கமாக, கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளையின் தலையில்தான் இது விழுகிறது, அவர் கணக்கு எழுதுவதற்காக நியமிக்கப்பட்டவராக இருந்தாலும், பத்து மணியானதும் "தங்கச்சி, ரீ போடேல்லையா?" என்று எல்லோரும் அவரையே கேட்பார்கள். இது இலவசத் தேநீர் அன்று, ஒருவருடைய உழைப்பில் மற்றவர்கள் குடிக்கும் தேநீர். யாரை நியமித்தாலும் தேநீர் போடுதல், கோப்பை கழுவுதல், சாமான் வாங்குதல் ஆகிய மூன்றையும் அவருடைய கடமைப் பட்டியலில் எழுதி, அதற்குரிய நேரத்தையும் கொடுப்பனவையும் ஒதுக்குங்கள். அதற்கு வசதியில்லாவிட்டால் பொறுப்பாளர் உட்பட எல்லோரும் முறைவைத்துச் செய்யட்டும். முறைப்பட்டியலில் பொறுப்பாளரின் பெயர் இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் இரண்டாம் மாதமே சுவரில் மட்டும் இருக்கும்.

இனிக் கணக்கு. ஒரு கோப்பைக்குத் தேயிலை 2 கிராம், மட்டமாக இரண்டு தேக்கரண்டிச் சீனி 8 கிராம், பால்மா 15 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 30 பேருக்கு இரண்டு வேளையும் என்றால் 22 வேலைநாள் கொண்ட மாதத்துக்குத் தேயிலை இரண்டே முக்கால் கிலோவும் சீனி பத்தரைக் கிலோவும் தேவைப்படும். ஒரு வேளை மட்டும் பால் சேர்த்தாலே பால்மா பத்துக் கிலோவை எட்டிவிடும். செலவின் பெரும்பகுதி பால்மாவில்தான் போகிறது என்பதால், காலையில் பால்தேநீரும் பிற்பகலில் பிளேன்ரீயும் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. அருகில் மாடு வளர்ப்பவர் இருந்தால் நாளுக்கு மூன்று லீற்றர் பசுப்பாலை அவரிடமே எடுத்து, உடனே காய்ச்சி, அன்றைக்கே முடித்துவிடலாம். ருசிக்கு அதற்கு ஈடில்லை. பாலைக் கலந்த தேநீரைப் பிளாஸ்க்கில் ஊற்றி மணிக்கணக்காக வைக்காதீர்கள், இந்த வெக்கையில் அது கெட்டுவிடும். சாயத்தைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் வைத்து, சீனியையும் அவரவரே போட்டுக்கொள்ள விட்டால், நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு நாளும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒரு சிறு போத்தலில் பனங்கட்டியும் இருந்தால் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பவர்கள் மகிழ்வார்கள். ஆனால் அதுவும் இனிப்புத்தான், நீரிழிவுக்கு மருந்தன்று.

கோப்பியை இரண்டாவதாகவே வையுங்கள். இலங்கையின் கோப்பித் தோட்டங்களை 1869 முதல் பரவிய இலைநோய் அழித்ததும், 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்ததும் பழைய கதை; அன்றுதொட்டு எங்கள் நாக்கு தேயிலைக்கே பழகிவிட்டது. மாரிகாலத்தில் மட்டும் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த கோப்பித்தூளை வாங்கி வைத்தால், தடிமன் பிடித்தவர்கள் தேடி வந்து குடிப்பார்கள். தேயிலைத்தூளைத் தெரிவுசெய்யும்போது, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பத்தவர் யாராவது உங்கள் ஊழியரிடையே இருந்தால் அவரிடம் ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். விலைச்சீட்டைவிட அவருடைய மூக்கு நம்பகமானது.

சிற்றுண்டியைப் பெரிதாக்கத் தேவையில்லை. அவித்த கச்சான், கௌபி, மரவள்ளிக்கிழங்கு ஆகியன ஊரிலேயே கிடைப்பவை, ரோல்ஸையும் பற்றிஸையும்விட வயிற்றுக்கும் இதமானவை. வெள்ளிக்கிழமைகளில் முட்டை சேர்ந்தவற்றைத் தவிருங்கள். விரதம் இருப்பவர்களையும் நோன்பு பிடிப்பவர்களையும் குடிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். மதியச் சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் கொடுக்க வேண்டாம்: தேயிலை, மரக்கறியிலும் பருப்பிலுமுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும், இரத்தச்சோகை உள்ள பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு மணி நேர இடைவெளி அவசியம்.

கோப்பைகளை எல்லோருக்கும் ஒரே மாதிரியாக வாங்குங்கள். பொறுப்பாளருக்குப் பீங்கானும் காவலாளிக்கும் லொறிச் சாரதிக்கும் நெளிந்த தகரக் குவளையும் என்ற வேறுபாட்டை யாரும் தீர்மானித்துச் செய்வதில்லை, அது தானாகவே வந்துவிடுகிறது. வடக்கில் தேநீர்க்கடைக்குள் எல்லோரும் சமமாக அமர்ந்து குடிக்கும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியில் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அதை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள், கோப்பை வேறாக இருந்தால் அவர்களே முதலில் கவனிப்பார்கள்.

வயலிலும் வீதியிலும் கண்ணிவெடி அகற்றும் நிலங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வெயிலில் கடும் வேலை செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை, அதாவது ஏறத்தாழ 240 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்க வேண்டும். தேநீர் அதற்கு மாற்றாகாது. அவர்களிடம் முதலில் போய்ச்சேர வேண்டியது நிழலில் வைத்த தண்ணீர்த் தாங்கி. அதன் பின் உப்புப் போட்ட மோரோ தேசிக்காய்த் தண்ணீரோ அனுப்பலாம்.

கடைசியாக, சாமான் தட்டுப்பட்டால் என்ன செய்வதென்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். 2022இல் பால்மாவும் எரிவாயுவும் கிடைக்காத மாதங்களில், பாலை நிறுத்திப் பிளேன்ரீயைத் தொடர முடிந்த இடங்கள் சமாளித்துக்கொண்டன. பின்புறத்தில் ஒரு விறகடுப்புக்கு இடம் இருக்கட்டும். எதைக் குறைத்தாலும் குறைப்பதற்கு முதல் நாளே அறிவித்தலைத் தேநீர் மேசைக்கு மேலேயே ஒட்டுங்கள், அலுவலக வாசலில் ஒட்டினால் யாரும் வாசிக்கமாட்டார்கள்.