ஸ்லோவில் அணையும் பழைய அவுட்போர்டுக்கு
குமரி மாவட்டம் நீரோடிப் பக்கம் வள்ளத்தில் பழைய அவுட்போர்டு (வள்ளத்தின் பின்னால் மாட்டும் எஞ்சின்) ஓட்டுபவர்களுக்கு இது. ஸ்லோவில், அதாவது வேகம் கொடுக்காமல் ஓடவிடும்போது, எஞ்சின் அணைகிறதா? முதலில் பிளக்கையும் ஃபில்டரையும் பாருங்கள்.

அப்புறம்தான் மிக்சர் திருகு, அதாவது கார்புரேட்டரில் எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் திருகு. திருப்புளியை இரண்டு விரலால் பிடித்து, முட்டும்வரை மெதுவாக மூடி, ஒன்றேகால் சுற்று திறங்கள். எஞ்சினுக்கு எஞ்சின் இது கொஞ்சம் மாறும். இறுக்கி மூடினால் திருகின் ஊசி முனையில் வளையமாகத் தடம் விழும். பிறகு எப்படித் திருப்பினாலும் ஸ்லோ சரியாக நிற்காது. என் ஊசி ஒன்று அப்படித்தான் போனது.

வள்ளத்தைக் கட்டிவைத்து, எஞ்சின் சூடானதும் தண்ணீரிலேயே கியர் போட்டு, அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் 15 விநாடி பொறுங்கள். கார்புரேட்டர் தும்மினால் எரிபொருள் போதவில்லை. புகைந்து திணறினால் கூடிவிட்டது. சந்தேகமென்றால் ஒரு பொட்டு கூடுதலாகவே விடுங்கள். குறைந்தால் பிஸ்டனுக்குத்தான் கேடு.