பிளாஸ்மா கலங்கலாக வந்தபோது செய்தது

திருகோணமலையில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குச் குருதியைச் சுழற்றிக் கலங்களைப் படியவைக்கும் சிறிய மையநீக்கி ஒன்று வந்தபின், குருதி உறையாமல் சிட்ரேட் சேர்த்த குழாய்களில் பிளாஸ்மா தெளியவே இல்லை. பழைய இயந்திரத்தில் ஓட்டிய அதே நிமிடத்துக்கு 3000 சுற்றுதான். பிளாஸ்மாவையே எடுத்துக் கலங்களை எண்ணும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தேன். குருதிச் சிறுதட்டுகள் நிறைய மிதந்தன. உறைவுச் சோதனைக்கு அவை மைக்ரோலீற்றருக்கு 10,000 இற்குக் கீழே இருக்க வேண்டும்.

சுற்றை மட்டும் பார்த்துப் பயனில்லை, விசைதான் கணக்கு. அடிமட்டத்தை எடுத்து, அச்சின் நடுவிலிருந்து, சுழலும்போது குழாயின் அடி நிற்கும் இடம்வரை அளந்தேன். 10 சென்ரிமீற்றர். அந்த ஆரத்தை 0.00001118 ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றின் வர்க்கத்தாலும் பெருக்கினால் விசை வரும். 3000 சுற்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1000 ஜி, அதாவது புவியீர்ப்பின் 1000 மடங்கு. 1500 ஜி வேண்டுமென்றால் 3660 சுற்று ஓட வேண்டும். இயந்திரத்தின் உச்ச வேகம் 4000, ஆகவே தாங்கும்.

சரி, அதில் 15 நிமிடம் விட்டேன். பிறேக்கையும் நிறுத்தினேன், சட்டென்று நின்றால் படிந்த கலங்கள் திரும்பக் கிளம்பும். அப்புறம் சூடு. கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் நாட்களில் அறை கொதிக்கும், அதனால் 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த பிறகே ஓட்டுகிறோம். இப்போது சிறுதட்டுகள் 10,000 ஐத் தாண்டுவதில்லை.