முதல் கத்திக்கு எஃகும் கைக்காப்பும்: தொடங்குவோருக்கான செய்முறை

கத்தி செய்யத் தொடங்குவோர் பலரும், எந்த எஃகில் கூர்மை அதிக நாள் நிற்கும் என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். தம்மிடம் உள்ள உலையில் எந்த எஃகைச் சரியாகப் பதப்படுத்த முடியும் என்று பார்ப்பதே முறை. ஏனெனில், பதம் தவறினால் உயர்ந்த எஃகும் வீணாகிவிடும்.

படி 1: எஃகு

சிறிய எரிவாயு உலை மட்டும் இருந்தால், சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள, 1084 என்ற தர எண் கொண்ட கார்பன் எஃகை வாங்குங்கள். ஏறத்தாழ 815 டிகிரி செல்சியஸில் அது தோய்ச்சலுக்கு, அதாவது எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவதற்கு, தயாராகிவிடும். அந்த வெப்பத்தில் நெடுநேரம் வைத்திருக்கவும் வேண்டியதில்லை. 440சி போன்ற துருப்பிடிக்காத எஃகுக்கு 1,000 டிகிரிக்கும் மேல், கூடாமலும் குறையாமலும் நிற்கும் வெப்பம் தேவைப்படுவதால், மின்னுலை இல்லாதவர் அதை ஒத்திப்போடலாம். என்ன கலவை என்று தெரியாத பழைய இரும்புத் துண்டுகளை முதல் கத்திக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: பதம்

பிடிக்குள் செல்லும் வால்பகுதியில் ஆணித் துளைகளை முன்னதாகவே போட்டுவிடுங்கள். கடினமான பிறகு துளையிடுவது பெரும்பாடு. சுமார் 770 டிகிரியில் எஃகைக் காந்தம் இழுக்காது. அதற்குமேல் நிறம் சற்று வெளிறும் வரை சூடாக்கி, 50 டிகிரி அளவில் சூடாக்கிய தாவர எண்ணெயில் நேராக இறக்குங்கள். எண்ணெய் தீப்பற்றக்கூடும் என்பதால் உலோகப் பாத்திரமும் அதற்கேற்ற மூடியும் அருகிலேயே இருக்கட்டும். அரம் பிடிக்காமல் வழுக்கினால் கடினமாகிவிட்டது என்று பொருள். பின்னர் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை சூடாக்கி, நொறுங்கும் தன்மையைத் தணியுங்கள்.

படி 3: கைக்காப்பு

அலகுக்கும் பிடிக்கும் இடையே நின்று, கை அலகின் மேல் வழுக்காமல் தடுக்கும் தகடுதான் கைக்காப்பு. இங்கேதான் பொறுமை வேண்டும். 6 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் வாலின் அகலத்துக்குக் கோடு கீறி, வாலின் தடிமனைவிடச் சற்றே சிறிய துளைகளை ஒரே வரிசையில் போட்டு, இடைச்சுவர்களை மெல்லிய அரத்தால் நீக்குங்கள். பின்பு வாலின் பக்கங்களில் மார்க்கர் மை பூசித் தகட்டைச் செருகி எடுத்தால், எங்கே இறுகுகிறதோ அங்கே பித்தளையில் மை ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் ஓரிரு இழுப்பு அராவி, மறுபடியும் செருகிப் பாருங்கள். பிடியை நோக்கிய பக்கத்தில் துளை சற்று அகன்றாலும் கெடுதல் இல்லை. ஆனால் அலகை நோக்கிய விளிம்பு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீற்று ஒளியும் தெரியாதபடி பொருந்த வேண்டும். அந்த இடைவெளியைப் பசையால் நிரப்புவதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் பசை சுருங்கும் இடத்தில் ஈரம் புகுந்து உள்ளே துரு பிடிக்கும்.

படி 4: பொருத்துதல்

வாலிலும் பிடியிலும் ஒட்டும் பரப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, எப்பாக்சி பசை பூசி ஆணிகளைச் செருகுங்கள். கவ்வியை அளவுக்கு மீறி முறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிடும். அலகின் ஓரம் வழியும் பசையை உலர்வதற்கு முன்பே துடைத்துவிட்டு, 24 மணி நேரம் அசையாமல் வையுங்கள்.