முதல் மாரத்தான் இருவரும் சேர்ந்து: ஓடுவதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

கணவனும் மனைவியுமாகச் சென்னை மாரத்தானில் முழு தூரம் ஓடப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். 34வது கிலோமீட்டரில் ஒருவருக்குக் கால் இழுத்துப் பிடித்துவிட்டால் மற்றவர் என்ன செய்வார்? நிற்பேன் என்று ஒருவர் சொல்வார், வேண்டாம் நீங்க போங்க என்று இன்னொருவர் சொல்வார், அங்கேயே சின்னதாக ஒரு வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். வீட்டில் உட்கார்ந்து பேசும்போதே இப்படியென்றால், நாலு மணி நேரம் ஓடி முடித்து, உடம்பில் சர்க்கரை வற்றி, வெயிலும் ஏறிய பிறகு அதே பேச்சு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யாராலும் நிதானமாக முடிவெடுக்க முடியாது. அதனால் எல்லா முடிவையும் முன்பே எடுத்து, ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

முதல் முடிவு, எதுவரை சேர்ந்து ஓடுவது என்பது. இருவரின் சாதாரண வேகத்துக்கும் இடையே கிலோமீட்டருக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம்தான் வித்தியாசம் என்றால் முடிவுக் கோடு வரை சேர்ந்தே ஓடலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 6:30, அதாவது ஆறரை நிமிடத்தில் ஓடுபவருக்கு 42.195 கிலோமீட்டர் 4 மணி 34 நிமிடத்தில் முடியும். 7:30 ஓடுபவருக்கு 5 மணி 16 நிமிடம். வேகமானவர் தன் துணைக்காக மெதுவாக ஓடினால் 42 நிமிடம் கூடுதலாகக் காலில் நிற்கிறார், அதுவும் அவருக்குப் பழக்கமில்லாத சின்ன எட்டுகளில். மெதுவாகத்தானே ஓடுகிறார், அவருக்கு என்ன கஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இடுப்பும் தொடையின் பின்பக்கமும் புதுவிதமாக வலிக்கும். சேர்ந்து ஓடுவது என்று முடிவு செய்தால் வேகமானவர் ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டங்களை மெதுவானவரின் பேஸில்தான், அதாவது கிலோமீட்டருக்கு அவர் எடுக்கும் நேரத்தில்தான் ஓடிப் பழக வேண்டும். தன் வேகத்தை வாரநாட்களில் தனியாக வைத்துக்கொள்ளட்டும்.

வித்தியாசம் அதிகம் என்றால் 30 கிலோமீட்டர் வரை சேர்ந்து, அப்புறம் அவரவர் வழி. இதுவும் நல்ல ஏற்பாடுதான், யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போனதாக ஆகாது. என் சொந்தக் கருத்து, முதல் மாரத்தானுக்கு முடிந்தவரை கடைசி வரை சேர்ந்து ஓடுங்கள். நேரத்தைக் குறைக்க இன்னும் எத்தனையோ மாரத்தான்கள் வரும், முதல் முறை என்பது ஒன்றுதான்.

தாளில் எழுத வேண்டிய அடுத்த வரி பிரிவதைப் பற்றியது. சும்மா களைப்பு என்றால் பிரிய வேண்டாம், சேர்ந்து நடங்கள். நொண்டும் அளவுக்கு அடிபட்டால், மருத்துவ உதவி மேசை வரை கூட வந்து ஒப்படைத்துவிட்டு மற்றவர் ஓட்டத்தைத் தொடரலாம், இதற்கு இருவரும் முன்பே மனதார ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் தலைசுற்றல், பேச்சு குழறுதல், வெயிலில் உடம்பு சிலிர்ப்பது, இப்போது எங்கே இருக்கிறோம் என்று கேட்டால் சம்பந்தமில்லாத பதில் வருவது, இதில் எது தெரிந்தாலும் அத்தோடு இருவரின் ஓட்டமும் முடிந்தது. நிழலில் உட்கார வைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். வெப்பத்தால் மூளை குழம்பியவர் தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அந்தப் பேச்சை நம்பி விட்டுப் போகக் கூடாது.

சரி, பயிற்சி.

சென்னை மாரத்தான் சமீப ஆண்டுகளாக ஜனவரி முதல் பத்து நாட்களுக்குள் நடக்கிறது. நேப்பியர் பாலத்தருகே, விடிவதற்கு வெகு நேரம் முன்பே புறப்பாடு. பாதையும் முடியும் இடமும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கின்றன, அதனால் அந்த ஆண்டின் வரைபடத்தையும் கட்-ஆஃப் நேரத்தையும் (அதற்குள் ஓடி முடித்தாக வேண்டிய நேரம்) இருவரும் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். பந்தய நாளிலிருந்து இருபது வாரம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் நடுவில் தொடங்க வேண்டும். அதற்குள் இருவருமே நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓடுகிறவர்களாக இருப்பது அவசியம், ஒரு அரை மாரத்தானாவது முடித்திருந்தால் இன்னும் நல்லது. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும், இதில் சலுகை கிடையாது.

வாரத்துக்கு நாலு ஓட்டம் போதும். இரண்டு ஈசி ரன், ஒன்று கொஞ்சம் வேகமாக, ஞாயிறு லாங் ரன். லாங் ரன்னை 14, 16, 18 கிலோமீட்டர் என்று ஏற்றி, நாலாவது வாரம் இறக்கி, மறுபடி ஏற்றி, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் 30 அல்லது 32 ஓடிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வரும் டேப்பர் காலம். அந்த நாட்களில் கால் சும்மா இருக்காது, இன்னொரு 25 ஓடிப் பார்க்கலாமா என்று தோன்றும். இருவரில் ஒருவருக்குத் தோன்றினால் மற்றவர் தடுக்க வேண்டும்.

ஊரின் சிக்கல் என்னவென்றால், நம்முடைய நீளமான ஓட்டங்கள் எல்லாம் சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து விழும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் பாதி வரை எந்த ஞாயிறு கை விடும் என்று சொல்ல முடியாது. அதனால் திட்டத்தில் இரண்டு ஞாயிறுகளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். தூறலில் தாராளமாக ஓடலாம், இடி மின்னலில் வேண்டாம். தண்ணீர் தேங்கிய தெருவில் கால் வைக்கவே வேண்டாம், கீழே சாக்கடை மூடி திறந்து கிடக்கிறதா, மின்கசிவு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாள் காய்ந்துவிடும். இரண்டு ஜோடி ஷூ இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

இருட்டில் ஓடுகிறோம் என்பதால் ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை இருவருக்கும் வேண்டும். வண்டி வரும் திசையைப் பார்த்து ஓடுங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கத்தில் பக்கமாக ஓடாமல் ஒருவர் பின் ஒருவராக. தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க ஆரம்பியுங்கள், பெரும்பாலும் சுவாரசியம் போய் அவை திரும்பிவிடும். சென்னைச் சாலைகளில் பெரும்பாலும் மேடு கிடையாது, ஏறிப் பழகக் கைக்கு எட்டுபவை பாலங்கள்தான். அடையாற்றின் மேல் திரு.வி.க. பாலத்தை வாரம் ஒருமுறை நாலைந்து தடவை ஏறி இறங்கினால் தொடைக்குப் போதுமான வேலை.

வீட்டுக் கணக்கு இதையெல்லாம் விடப் பெரிது. குழந்தைகள் உள்ள வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே போக முடியாது. வாரநாளில் ஒருவர் ஓடும் நாள் மற்றவர் டிபன் பாக்ஸ் கட்டும் நாள், அடுத்த நாள் மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு லாங் ரன்னுக்கு மட்டும் அம்மாவையோ மாமியாரையோ சனி இரவே வந்து தங்கச் சொல்லுங்கள். இந்த ஏற்பாட்டில் பல வீடுகளில் பெண்ணின் ஓட்டம்தான் முதலில் அடிபடுகிறது. அவருக்கு அலுவலக மீட்டிங் என்றால் இவள் ஓட்டம் ரத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இவள் ஓட்டம்தான் ரத்து. நவம்பரில் பார்த்தால் ஒருவர் திட்டத்தை முழுசாக முடித்திருப்பார், மற்றவர் பாதியில் நிற்பார், அப்புறம் இருவரும் சேர்ந்து ஓடுவது எங்கே. ரத்து ஆகும் ஓட்டத்தையும் மாறி மாறிப் பங்கு போடுங்கள். அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

பேஸ் விஷயத்தில் ஒரே விதி, முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். முதல் 10 கிலோமீட்டரில் உடம்பு லேசாக இருக்கும், கூட்டமும் இழுத்துக்கொண்டு போகும். ஆண்கள் தொடக்கத்தில் வேகமாகப் போய்ப் பின்பாதியில் தளர்வதும், பெண்கள் ஒரே சீராக ஓடுவதும் பொதுவாகப் பார்க்கக்கூடியது. அதனால் வாட்சை யார் கட்டினாலும் முதல் பாதியின் வேகத்தை மனைவி கையில் கொடுங்கள் என்பேன். சென்னையில் ஜனவரி விடியலிலும் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை ஆறாது. வேறு ஊரில் குளிரில் ஓடிய நேரத்தை வைத்து இங்கே கணக்குப் போடக் கூடாது.

ஓட்டமும் நடையுமாகப் போகும் முறையை முதல் மாரத்தானுக்கு மனதார சிபாரிசு செய்கிறேன். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலவே பரப்பிய முறை இது. நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று வைத்துக்கொண்டால், அந்த நடையை முதல் ஐந்து நிமிடத்திலிருந்தே எடுக்க வேண்டும், களைத்த பிறகு அல்ல. ஜோடியாக ஓடுபவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் தண்ணீர் குடிக்கலாம், மற்றவர் முகத்தைப் பார்க்கலாம்.

முகத்தை மட்டும் அல்ல, சத்தத்தையும் கவனியுங்கள். நீள ஓட்டங்களில் என் கணவரைப் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. நன்றாக இருக்கும்போது வளவளவென்று பேசுவார். முதலில் பதில் சுருங்கும், அப்புறம் வெறும் “ம்”. கூடவே பாதம் தரையில் விழும் சத்தம் மாறும், மெல்ல உரசிப் போன கால் தப் தப் என்று அறையும், தோள் காதை நோக்கி ஏறும். அவர் களைப்பு என்று சொல்வதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே இது வந்துவிடும். அந்த இடத்தில் “உங்களுக்கு ஓகேவா?” என்று கேட்கக் கூடாது, ஓகே என்றுதான் பதில் வரும். “ஏங்க, ரெண்டு மடக்கு குடிங்க”, “தோளை இறக்குங்க”, “அந்த விளக்குக் கம்பம் வரை நடப்போம்” என்று செய்யக்கூடியதைச் சொல்ல வேண்டும். அதேபோல் “இன்னும் கொஞ்சம்தான்” என்ற பேச்சே கூடாது. 33வது கிலோமீட்டரில் நிற்பவருக்கு மீதி 9 கிலோமீட்டர் கொஞ்சம் இல்லை.

சாப்பாடு, தண்ணீர் இரண்டிலும் ஒருவர் கணக்கு மற்றவருக்குப் பொருந்தாது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக எடை பாருங்கள், நடுவில் எதுவும் குடிக்காமல். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் இது வெகுவாக வேறுபட்டது. வெறும் தண்ணீரை மட்டும் மடமடவென்று குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு இறங்கி, குமட்டலும் தலைவலியும் வந்து, ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், குத்துமதிப்பாக அரை பாக்கெட் போடுவது வேண்டாம்.

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓட்டக்காரர்கள் பிதுக்கிச் சாப்பிடும் இனிப்புக் கூழான ஜெல் பாக்கெட் ஒன்றிலோ நடுத்தர வாழைப்பழத்திலோ சுமார் 25 கிராம் இருக்கும். கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நல்லது. கடலை மிட்டாய் 20 கிலோமீட்டர் வரை சரி, அதற்குமேல் வாய் உலர்ந்து மெல்லவே முடியாது. எதுவானாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பார்த்ததை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு இட்லியோ தயிர் சாதமோ, சீக்கிரமாக. ஓடும்போது வலி மாத்திரை வேண்டாம், நீர் குறைந்த உடம்பில் புரூஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

பந்தய நாளுக்குச் சில சின்ன ஏற்பாடுகள். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்க்காம்பு, பெண்களுக்கு உள்ளாடை விளிம்பு, எல்லா இடத்திலும் வாசலின் தடவுங்கள். பிப்பில், அதாவது நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையில் உள்ள சிப் அவரவர் நேரத்தைத் தனியாகப் பதிவு செய்யும், அதனால் அந்தச் சிப்பைப் படிக்கும் தொடக்க விரிப்பைச் சேர்ந்தே மிதியுங்கள். தண்ணீர் மேசையில் ஒருவர் மட்டும் போய் இரண்டு பேருக்கும் எடுக்கட்டும், கடைசி மேசை தாண்டி இடது ஓரத்தில் சந்திப்பது என்று வைத்துக்கொண்டால் கூட்டத்தில் தேட வேண்டியதில்லை. கழிப்பறைக்கு ஒருவர் போனால் மற்றவர் வாசலிலேயே நிற்க வேண்டும். மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறேன், வந்து பிடிச்சுக்கோ என்றால் வருபவர் வேகமாக ஓடி இருக்கிற தெம்பையும் தொலைப்பார். உங்கள் நேரத்துக்கு ஒரு பேசர் பஸ் (குறித்த நேரத்தில் முடிக்க ஒரே சீராக ஓடும் வழிகாட்டியும் அவர் பின்னால் வரும் கூட்டமும்) இருந்தால் அதற்குச் சற்றுப் பின்னால் ஓடலாம், ஆனால் உங்கள் துணைக்கு அந்த வேகம் அதிகமாகிறது என்றால் பஸ்ஸை விட்டுவிடுங்கள்.

முடித்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள், பிறகு உப்பும் இனிப்பும் கலந்து எதையாவது சாப்பிடுங்கள். மறுநாள் படி இறங்குவது இருவருக்குமே பெரும்பாடாக இருக்கும், அதனால் திங்கட்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் விட மூன்றாவது ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள், முடிந்தால் ஒருவராவது லீவு போடுங்கள். ஒரு வாரம் நடை மட்டும், அடுத்த வாரம் லேசாக அரை மணி நேரம். ஒருவர் முடித்து மற்றவர் முடிக்காமல் போயிருந்தால், அடுத்தது எது, எப்போது என்ற பேச்சை முடிக்காதவர் தானே எடுக்கும் வரை விட்டுவிடுங்கள்.