சினாட்ரா எழுதாத பாட்டுகள்: பழைய அமெரிக்கப் பாடல்களைக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஃப்ளை மீ டு த மூன்' யாருடைய பாட்டு என்று கேட்டால் உடனே அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா என்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போதாததற்கு, மனிதன் நிலவில் இறங்கிய சமயத்தில் எழுதியது என்று ஒரு கதையையும் சேர்த்துக்கொள்வேன். இரண்டுமே தப்பு. பார்ட் ஹவர்ட் என்பவர் 1954இல் எழுதி மெட்டமைத்த பாட்டு அது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் வானத்துக்குப் போகவே அப்போது இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அன்றைக்கு அதன் பெயர்கூட வேறு: 'இன் அதர் வேர்ட்ஸ்'. ஒன்று-இரண்டு-மூன்று என்று நிதானமாகச் சுழலும் வால்ட்ஸ் தாளம். முதலில் இசைத்தட்டில் பாடியவர் கே பல்லார்ட் என்ற பெண். பத்து வருஷம் கழித்து, 1964இல்தான் கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவோடு சினாட்ரா அதைப் பாடினார். தாளத்தின் மூன்று தட்டை நாலாக்கி, இன்று நாம் விரல் சொடுக்கிக் கேட்கும் துள்ளலைக் கொடுத்தவர் குவின்சி ஜோன்ஸ். பின்னாளில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவர்தான்.

தகவல் தெரியாததால் மட்டும் இந்தத் தவறு வருவதில்லை, காதின் பழக்கத்தால் வருகிறது. நாம் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள். ஒரு பாட்டு என்றால் ஒரு பதிவு, ஒரு குரல். வேறு யாராவது டிவி போட்டியில் பாடினால் 'ஒரிஜினல் மாதிரி வரலை' என்போம். 1920களிலிருந்து 1950கள் வரையிலான அமெரிக்கப் பாட்டுகளிடம் இந்த அளவுகோலைக் கொண்டுபோனால் ஒன்றும் பிடிபடாது. நியூயார்க்கில் மேற்கு 28ஆம் தெருவில் வரிசையாக இருந்த பதிப்பகங்கள் பாட்டைக் காகிதத்தில் அச்சடித்து விற்றன. அந்தத் தெருவுக்கு 'டின் பான் ஆலி' என்று பட்டப்பெயர். காகிதத்தை வாங்கியவர் வீட்டுப் பியானோவில் வாசித்துப் பாடிக்கொண்டார். அதே காகிதத்தை வைத்துப் பத்துப் பாடகர்கள் பத்து விதமாகப் பதிவு செய்தார்கள். ஆக, பாட்டு வேறு, பதிவு வேறு. நமக்கு இது புதிதா என்ன? ஒரே கீர்த்தனையை எத்தனை பேர் பாடிக் கேட்டிருக்கிறோம்! அதையெல்லாம் 'கவர் வெர்ஷன்' என்று யாரும் சொல்வதில்லை. சினிமாக் காதைக் கழற்றி வைத்துவிட்டுக் கச்சேரிக் காதோடு வந்தால் பாதித் தவறுகள் தாமாகவே போய்விடும்.

அடுத்தது, யாருக்குப் பெயர் தருவது என்ற குழப்பம். சினாட்ரா பாடியவை நூற்றுக்கணக்கில், ஆனால் எழுத்தில் அவருக்குப் பங்கு உள்ளவை விரல்விட்டு எண்ணும்படிதான். 1951இல் வந்த 'ஐம் எ ஃபூல் டு வான்ட் யூ' அதில் ஒன்று. 'மை வே' அவருடைய சுயசரிதை என்றே பலர் நம்புகிறார்கள். மெட்டு பிரான்ஸிலிருந்து வந்தது; 1967இல் க்ளோத் ஃப்ரான்ஸ்வா பாடிய பாட்டு. அதற்கு ஆங்கிலத்தில் புதிதாக வரி எழுதியவர் பால் ஆன்கா. 'ஆட்டம் லீவ்ஸ்'கூடப் பிரெஞ்சுப் பாட்டுதான், ஆங்கில வரிகள் ஜானி மெர்சர். 'மேக் த நைஃப்' 1928இல் ஜெர்மனியின் பெர்லின் நகர மேடையில் பிறந்தது. இதற்கு நேரெதிரான குழப்பமும் உண்டு. 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் வரும் 'ஈடல்வைஸ்' பாட்டை ஆஸ்திரிய நாட்டுப்புறப் பாட்டு என்றே நினைப்பார்கள். அது 1959இல் அமெரிக்க மேடைக்காக ரிச்சர்ட் ராஜர்ஸ் மெட்டமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வரி எழுதிச் செய்தது. ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாட்டும் அதுவே.

இந்த ராஜர்ஸ் விஷயத்தில் நமக்கு நன்றாகவே தெரிந்த ஒரு வேறுபாடு இருக்கிறது. முதலில் பாடலாசிரியர் லொரன்ஸ் ஹார்ட்டோடு வேலை செய்தபோது பெரும்பாலும் மெட்டுக்குப் பாட்டு. 1943இல் 'ஓக்லஹோமா!' இசைநாடகம் தொடங்கி ஹாமர்ஸ்டைனோடு சேர்ந்தபோது பெரும்பாலும் பாட்டுக்கு மெட்டு. ஒரே ஆள், ஆனால் இரண்டு காலத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறு இருவரோ என்று தோன்றும். ஹார்ட்டோடு செய்தவற்றில் மெட்டு நெளியும், வரி அதற்குள் குறும்பாக ஒளிந்துகொள்ளும். ஹாமர்ஸ்டைனோடு செய்தவற்றில் வரி நேராக நிற்கும், மெட்டு அதைத் தாங்கும். எனக்கு முதல் காலம்தான் அதிகம் பிடிக்கும். நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

பெயர் விட்டுப்போகிற இன்னொருவர் அரேஞ்சர், அதாவது எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பவர். இசையமைப்பாளர் என்றால் மெட்டு முதல் வயலின் வரை எல்லாம் அவர்தான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அங்கே அப்படி இல்லை. வரியும் மெட்டும் தானே செய்த இர்விங் பெர்லினுக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ வராது. பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில்தான் வாசிப்பார்; வேறு சுருதி வேண்டுமானால் பியானோவில் ஒரு நெம்புகோலைத் தள்ளுவார். நம்மூர் ஸ்கேல் சேஞ்சர் ஆர்மோனியம் மாதிரி. அவர் வாசித்ததை உதவியாளர் எழுதிக்கொள்வார். 'ஐவ் காட் யூ அண்டர் மை ஸ்கின்' கோல் போர்ட்டர் 1936இல் ஒரு படத்துக்கு எழுதியது, அதில் அமைதியாக வந்து போகும். அதே பாட்டை 1956இல் சினாட்ரா பாடியபோது, நடுவில் டிராம்போன் வெடித்துக் கிளம்பும் அந்த ஏற்றம் போர்ட்டர் எழுதியதும் இல்லை, சினாட்ரா எழுதியதும் இல்லை. அதைக் கட்டியவர் நெல்சன் ரிடில், டிராம்போன் வாசித்தவர் மில்ட் பெர்ன்ஹார்ட்.

ராகத்துக்குப் பழகிய காது செய்கிற ஒரு தவறையும் சொல்ல வேண்டும். மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போவோம். போர்ட்டரின் 'நைட் அண்ட் டே'யின் முன்பகுதியில் ஒரே சுரம் 30 தடவைக்கும் மேல் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். கீழே கார்டுகள் (chords), அதாவது ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், நகர்வதைக் கேளுங்கள். சுரம் நின்ற இடத்தில் நிற்கிறது, ஆனால் அடியில் தரை மாறுவதால் அதன் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த இசையில் பாதி விஷயம் அங்கேதான் நடக்கிறது.

அதே போல, சரணம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான பாட்டுகள் முப்பத்திரண்டு பார் நீளம் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று). எட்டு பாருக்கு ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடி எட்டு, பிறகு வேறு பக்கம் போகும் ஒரு எட்டு, கடைசியில் பழைய மெட்டுக்கே திரும்பல். அவ்வளவுதான் பாட்டு. இரண்டாவது சுற்றில் பெரும்பாலும் அதே வரிகளே வரும். அங்கே பாடகர் மெட்டைக் கொஞ்சம் வளைத்தால் பிசகிவிட்டார் என்று நினைக்கக்கூடாது. அது சங்கதி.

இந்த முப்பத்திரண்டுக்கு முன்னால் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'வெர்ஸ்' என்பார்கள். நமக்கு அதற்கு அருமையான சொல் இருக்கிறது: தொகையறா. தாளம் இன்னும் பிடிக்காமல், பேச்சும் பாட்டுமாக, கதையைச் சொல்லிப் பாட்டுக்குள் இறக்கிவிடும் பகுதி. ஒரு 78 சுற்றுத் தட்டின் பக்கத்தில் மூன்று நிமிஷம்தான் கொள்ளும் என்பதால் பதிவுகளில் முதலில் வெட்டுப்பட்டதும் இதுதான். வெட்டியதையே முழுப் பாட்டு என்று நினைத்துவிடுகிறோம். 'ஒயிட் கிறிஸ்துமஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். பிங் கிராஸ்பி பாடியதில் தொகையறா இல்லை, பனியை நினைத்துப் பாடும் ஒரு பண்டிகைப் பாட்டாகவே கேட்கும். பெர்லின் எழுதிய தொகையறாவில் பாடுகிறவர் நிற்பது கலிபோர்னியாவில். டிசம்பர் 24, வெயில் அடிக்கிறது, சுற்றிலும் ஆரஞ்சு மரமும் பனைமரமும். அதற்குப் பிறகு பனி வேண்டும் என்று பாடினால் அது ஊர் ஏக்கம். எழுதியவரோ ஐந்து வயதில் ரஷ்யாவிலிருந்து நியூயார்க் வந்து இறங்கிய யூதக் குடும்பத்துப் பிள்ளை. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956 முதல் வெர்வ் இசைத்தட்டுக் கம்பெனிக்காகப் பாடிய 'சாங் புக்' வரிசையில் இப்படி வெட்டுப்பட்ட பல தொகையறாக்கள் திரும்பி வந்திருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரிசையைச் சொல்வேன்.

பாட்டு எந்த மேடையிலிருந்து வந்தது என்று பார்க்காமல் விடுவதும் நஷ்டம்தான். 'மை ஃபன்னி வாலன்டைன்' பாட்டைச் செட் பேக்கர் என்ற பாடகரின் குரலிலேயே கேட்டுப் பழகியதால், ஆண் பெண்ணைப் பார்த்துப் பாடுவது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். 1937இல் வந்த நாடகத்தில் பாடுவது ஒரு பெண், 'வாலன்டைன்' என்பது அவள் எதிரே நிற்கும் பையனின் பெயர். 'த வே யூ லுக் டுநைட்' இன்று கல்யாண வரவேற்புகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒலிக்கிறது. அது முதலில் வந்த 1936 படத்தில் ஃப்ரெட் அஸ்டயர் பியானோ முன் உட்கார்ந்து அதைப் பாடும்போது, ஜிஞ்சர் ராஜர்ஸ் பக்கத்து அறையில் தலை முழுக்க ஷாம்பு நுரையோடு நிற்கிறார். வரிகளை எழுதியவர் டோரதி ஃபீல்ட்ஸ். சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் பெண்.

அஸ்டயர் பெயர் வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். அவரை நடனக்காரர், ஏதோ பாடவும் செய்தார் என்று ஒதுக்கிவிடுவார்கள். குரல் சின்னதுதான். ஆனால் பெர்லின், போர்ட்டர், கெர்ஷ்வின் சகோதரர்கள், ஜெரோம் கெர்ன் என்று பாட்டு எழுதிய பெரிய ஆட்கள் எல்லோரும் அவரைப் பாடவைக்க விரும்பினார்கள். 'நைட் அண்ட் டே'யை முதலில் மேடையில் பாடியதே அவர்தான். எழுதியதை எழுதியபடி, ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி பாடுவார். மைக் வந்த பிறகு உருவான கலை இது. 1925 வாக்கில் மின்பதிவு வந்ததும் கூரையைத் தொடும் குரலுக்கு அவசியம் போய்விட்டது, காதோரம் பேசுவது போலப் பாடினால் போதும் என்றானது. பாடகி பில்லி ஹாலிடேயின் குரல் எட்டும் தூரம் ஒரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அவர் தாளத்துக்குப் பின்னால் தங்கி வருவதைக் கேட்க வேண்டும். அவரைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் 1958இல் வந்த 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தை முதலில் எடுக்க வேண்டாம். குரல் உடைந்துபோன காலம் அது. 1930களில் பியானோக்காரர் டெடி வில்சனோடும் சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங்கோடும் செய்த பதிவுகளைக் கேட்டுவிட்டு அங்கே வந்தால்தான் எது உடைந்தது என்று தெரியும்.

இதையெல்லாம் கவலையில்லாத காலத்துக் காதல் பாட்டுகள் என்று எண்ணுவதுதான் எனக்கு அதிகம் உறுத்தும் தவறு. 'பிரதர், கேன் யூ ஸ்பேர் எ டைம்?' (dime, பத்து சென்ட் நாணயம்) 1932இல், ரயில்பாதையும் கோபுரமும் கட்டிய தொழிலாளி தெருவில் நின்று காசு கேட்பதாக யிப் ஹார்பர்க் எழுதியது. 1939இல் வானவில்லுக்கு அப்பால் போக ஏங்கிய 'ஓவர் த ரெயின்போ' பாட்டும் இதே ஹார்பர்க்தான். ஹாலிடேயே எழுதியது என்று பலர் நினைக்கும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்', கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றியது. எழுதியவர் ஏபல் மீரபோல் என்ற பள்ளி ஆசிரியர். நியூயார்க்கின் ஹார்லெமில் காட்டன் கிளப் மேடையில் கறுப்பினக் கலைஞர்களான டியூக் எலிங்டன் வாசித்தார், ஈதல் வாட்டர்ஸ் பாடினார். கீழே உட்கார்ந்து கேட்க வெள்ளையர்களுக்குத்தான் அனுமதி. வெண்ணெய்க் குரல் என்று நாம் கொண்டாடும் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலை 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையேறித் தாக்கினார்கள். அதே வருஷம் நவம்பரில் தொடங்கிய அவருடைய டிவி நிகழ்ச்சிக்கு நாடு முழுவதுக்குமான விளம்பரதாரர் கிடைக்கவே இல்லை. ஒரு வருஷம் ஓடி நின்றுபோனது.

நடைமுறையில் ஒரு சின்ன எச்சரிக்கை. பாட்டு கேட்கும் ஆப்பில் (app) பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வருஷத்தை நம்பாதீர்கள். பல சமயம் அது தொகுப்போ மறுபதிப்போ வந்த வருஷம். கிராஸ்பி 1942இல் பாடிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்' மூலப்பிரதி தேய்ந்துபோனதால் 1947இல் மறுபடி பாடினார், பெரும்பாலும் நாம் கேட்பது அந்த இரண்டாவதுதான். சினாட்ராவும் கேப்பிட்டல் கம்பெனிக்காகப் பாடிய சிலவற்றைத் தன் சொந்த ரிப்ரைஸ் கம்பெனிக்காக 1960களில் திரும்பப் பாடியிருக்கிறார்.

சரி, ஒரு மாலை நேரம் கிடைத்தால் 'ஸ்டார்டஸ்ட்' ஒன்றை மட்டும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கு மெட்டமைத்த, இண்டியானாக்காரரான ஹோகி கார்மைக்கல் 1927இல் செய்த பதிவில் வரிகளே கிடையாது, வேகம்கூட அதிகம். மிட்சல் பாரிஷ் 1929இல் வரி எழுதினார். 1931இல் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் அந்த வரிகளைப் பிய்த்துப் போட்டுத் தன் இஷ்டத்துக்கு அடுக்குகிறார். 1940இல் ஆர்ட்டி ஷா குழு மறுபடி வார்த்தையே இல்லாமல் வாசிக்கிறது. 1957இல் வந்த ஆல்பத்தில் நாட் கிங் கோல் தொகையறாவிலிருந்து தொடங்கி முழுதாகப் பாடுகிறார். கடைசியாகச் சினாட்ரா, 1961. அவர் தொகையறாவை மட்டும் பாடுகிறார். வயலின்கள் எழும்புகின்றன, இதோ பாட்டு வரப்போகிறது என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது முடித்துக்கொண்டு போய்விடுகிறார்.