மூளை ஸ்கேன் ஆய்வகத்தை விட்டுக் கிளம்பும் முன்

ஆய்வகத்தை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு மின்னஞ்சல். "17ஆம் ஆளுக்கு ஏன் இரண்டு டி1 படம் இருக்கிறது? எதை எடுத்துக்கொள்வது?" அனுப்பியவர் நான் பார்த்தே இராத முனைவர் பட்ட மாணவி. டி1 என்பது மூளையின் உடற்கூறைக் காட்டும் ஒரு வகை எம்ஆர்ஐ படம், 17 என்பது ஆய்வில் கலந்துகொண்ட ஒருவருக்குப் பெயருக்குப் பதில் நாங்கள் கொடுத்த எண். பதில் எனக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் ஓடும் அந்த ஸ்கேனின் நடுவில் அந்த மனிதர் தும்மினார், தலை அசைந்துவிட்டது, இன்னொரு முறை எடுத்தோம். அந்தத் தும்மல் எந்தக் கோப்பிலும் இல்லை, என் தலையில் மட்டும்தான் இருந்தது.

இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் எம்ஆர்ஐ ஆய்வகத்தில் நான்கு வருஷம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். கிளம்பும்போது ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறேன் என்று நம்பினேன். இப்போது கிளம்பப் போகிறவர்களுக்கு, நான் செய்யாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். கடைசி வாரத்தில் கேக் வெட்டுவார்கள், வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போடுவார்கள், வேறு எதுவும் நடக்காது. முதல் வேலையாக, உங்கள் ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, மூலத் தரவிலிருந்து உங்கள் கட்டுரையின் ஒரே ஒரு வரைபடம் வரை தனியாக வரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்கக் கூடாது. அவர் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் இடமெல்லாம் எழுதி வைக்காமல் விட்ட இடம். நான் செய்து பார்த்தபோது அந்தப் பையன் பதினைந்து நிமிஷத்துக்குள் ஆறு தடவை பார்த்தான்.

தரவை எப்படி அடுக்குவது என்று மூளையைக் கசக்க வேண்டாம். ஸ்கேனர் தரும் டைகாம் என்னும் மூலக் கோப்புகளைத் தொடாமல், யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி ஓரிடத்தில் வையுங்கள். அவற்றின் நகலை டிசிஎம்2நிக்ஸ் நிரலால், ஆய்வு மென்பொருள்கள் படிக்கும் நிஃப்டி வடிவுக்கு மாற்றி, மூளைப் படத் தரவை அடுக்குவதற்கென்றே 2016இல் வெளியான பிட்ஸ் என்னும் பொது முறைப்படி அடுக்குங்கள். ஆளுக்கு ஒரு அடைவு, அதற்குள் உடற்கூறுப் படம் தனி, செயல்பாட்டுப் படம் தனி. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் என்னும் ஒரு சிறு உரைக் கோப்பு, டிஆர் (ஒரு மூளைப் படத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) எத்தனை விநாடி என்பது போன்ற விவரங்களுடன்.

ஆனால் இயந்திரத்துக்குத் தெரிந்ததைத்தான் அது எழுதும். தூங்கிப் போனவர் யார், பட்டன் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்திருந்தவர் யார் என்பதெல்லாம் அதில் வராது. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவருக்குக் கொடுத்த பணியின் நேரக்குறிப்பு ஸ்கேனரின் முதல் சமிக்ஞையிலிருந்து தொடங்குகிறதா, நிரலைத் தட்டிய நொடியிலிருந்தா? காந்தநிலை சீராகும் வரை வரும் தொடக்கப் படங்களை ஸ்கேனரே கழித்துவிட்டதா, நீங்கள் கழிக்க வேண்டுமா? இதையெல்லாம் எழுதத்தான் பிட்ஸில் ஒவ்வொரு ஆளுக்கும் ஸ்கேன்கள் பட்டியல் என்று ஒரு கோப்பு வைத்துக்கொள்ளலாம். அதில் 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்து, உங்கள் ஸ்கேன் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியிருப்பதை ஒரு வரி விடாமல் ஏற்றுங்கள். சலிப்பான வேலைதான். எனக்கு மூன்று சனிக்கிழமை பிடித்தது, அப்படியும் தும்மல் தப்பிவிட்டது.

இடது வலது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதிரியக்க மருத்துவர்கள் நோயாளியின் கால்மாட்டில் நின்று பார்ப்பது போலப் படத்தை வைப்பார்கள், அதாவது ஆளின் வலது படத்தின் இடப்பக்கம் வரும். நரம்பியல் வழக்கம் இதற்கு நேர்மாறு. மூளையின் இரண்டு பாதிகளும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று போலவே இருப்பதால், புரண்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் பல ஆய்வகங்களில் வலது நெற்றியில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டி ஸ்கேன் செய்வார்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன பழைய தரவு அனலைஸ் என்னும் பழைய கோப்பு வடிவில் இருந்தது. திசையை ஐயமில்லாமல் சொல்லாத வடிவம் அது. மாத்திரை தெரிந்தது, எந்தப் பக்கம் ஒட்டினார் என்றுதான் எங்கேயும் இல்லை. ஒரு வாரம் போனது. எந்தப் பக்கம் என்று எழுதுங்கள், இரண்டு இடத்தில் எழுதுங்கள்.

மென்பொருள் பதிப்பையும் அப்படியே. மூளைப் படத்தை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் பதிப்பு மாறினாலோ, கணினியின் இயங்குதளம் மாறினாலோ கூட, அதே மூளையின் புறணிக்கு வேறு தடிமன் அளவு வருவதை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. முடிந்தால் முழுச் சூழலையும் ஒரு கன்டெய்னராக, அதாவது எல்லா மென்பொருளும் அதே பதிப்பில் அடங்கிய ஒரே பொதியாகக் கட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

பெயர்களையும் எண்களையும் இணைக்கும் பட்டியல் உங்களுடையது அல்ல. ஆய்வகத் தலைவரிடம் கொடுத்துவிட்டு உங்கள் பிரதியை அழியுங்கள். டி1 படத்திலிருந்து ஒருவரின் முகத்தையே உருவாக்கிவிடலாம், அதனால் 'பின்னால் உதவும்' என்று சொந்த ஹார்ட் டிஸ்கில் எதையும் நகல் எடுத்துப் போகாதீர்கள். உங்கள் சொந்த மூளை மட்டும் விதிவிலக்கு. சோதனை ஓட்டத்துக்கு நாம் எல்லாரும் எத்தனை முறை உள்ளே படுத்திருப்போம்! கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதை அம்மாவுக்குக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்றாள்.

சாவி, அடையாள அட்டை, மேட்லாப் மென்பொருள் உரிமம் எல்லாம் அவர்களே நினைவூட்டிக் கேட்பார்கள். அவர்கள் நினைவூட்டாதது கட்டுரைகளில் பெயர் வரிசை. பாதியில் நிற்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் யார் எதை முடிப்பது, யார் பெயர் எங்கே என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். "அப்புறம் பேசிக்கலாம்" என்று விட்ட ஒரு கட்டுரையில் நான் இரண்டாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குப் போனேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சல் ஒரு நாள் மூடிக்கொள்ளும், அதற்குள் இதழ்களின் கணக்குகளைச் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள்.

கிளம்பிய பிறகும் கேள்விகள் வரும். பதில் சொல்லுங்கள், ஆனால் கேட்டவரின் பெட்டிக்குள் மட்டும் பதில் தங்கவிடாதீர்கள். அந்த மாணவியிடம் "இரண்டாவதை எடுத்துக்கொள், முதலாவதில் தும்மல். இதைக் குறிப்பு நெடுவரிசையில் ஏற்றிவிடு" என்று எழுதினேன். ஏற்றிவிட்டு, திரைப் படமும் அனுப்பினாள். மறுநாள் இன்னொரு மின்னஞ்சல்: "சரி, 22ஆம் ஆளுக்கு ஏன் மூன்று இருக்கிறது?"

அது எனக்கு நினைவில்லை.