‘நல்ல புத்தகமாக ஒன்று கொடுங்கள்’: பரிந்துரைப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசகர் வட்டத்துக்காரன் என்ற உரிமையில் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இரவல் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யாராவது நல்ல புத்தகம் கேட்டால் உடனே எழுந்து அலமாரிக்குப் போய்விடுவேன். அப்படி எழுந்துவிடுவதுதான் முதல் தவறு. கடைசியாக எதைப் படித்து முடித்தார், எதைப் பாதியில் மூடினார் என்று விசாரித்துவிட்டு எழ வேண்டும். பாதியில் மூடிய புத்தகம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்று 1931இல் விதியே எழுதிவைத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர்.

வயதைப் பார்த்துப் புத்தகம் எடுப்பது அடுத்த தவறு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வயது எழுபத்தெட்டு இருக்கும், தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ கேட்டார். “அது கொஞ்சம் ஒரு மாதிரியான கதை அம்மா, ஆன்மிகத்தில் புதிதாக வந்திருக்கிறது, தரட்டுமா?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். “தம்பி, 1966இல் அது வந்தபோதே படித்தவள் நான். எழுத்து பொடியாக இல்லாத பதிப்பு இருக்கிறதா, அதைப் பாருங்கள்.” அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது எழுத்தின் அளவைத்தான்.

தஞ்சாவூர்ப் பக்கம் யார் எது கேட்டாலும் ‘பொன்னியின் செல்வன்’ என்று கைகாட்டுகிறோம். சுவையான நாவல், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து பாகங்களும் அலமாரியில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் முதல் பாகத்தைக் கொடுப்பது பாவம். மூன்றாம் பாகம் எப்போதும் யார் வீட்டுப் பரணிலோ இருக்கும். இதைவிடப் பெரிய பிழை, அதையே சோழர் வரலாறு என்று சொல்லிக் கொடுப்பது. நந்தினி கல்கியின் கற்பனை. ரவிதாசன் அப்படியல்ல, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகளைப் பறித்தது பற்றிய உடையார்குடிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. நாவலைத் திருப்பித் தர வரும்போது நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ தமிழாக்கத்தை எடுத்து நீட்டுங்கள். எது வரலாறு, எது கல்கி என்று அவரே கண்டுகொள்வார்.

டெல்டா என்றாலே காவிரி, கச்சேரி, அக்கிரகாரம் என்று நிறுத்திக்கொள்வதும் தவறுதான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலிப் போராட்டத்தை ஒட்டி விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் இந்த மண்ணில்தான். அதைப் பற்றிக் கேட்பவரிடம் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல் அது. கூலிப் போராட்டத்தை நிலக்கிழாரின் ஆண்மைச் சிக்கலோடு முடிச்சுப்போட்டதற்காகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டதும் அதே நாவல். கூடவே சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’லையும் கொடுங்கள். இரண்டையும் படித்தவர் திரும்பி வந்து சண்டை போட்டால் அந்த மாலை வீணாகவில்லை.

கதையல்லாத புத்தகம் என்றால் தேர்வு வழிகாட்டி, வெற்றிக்கு வழி, சர்க்கரை நோய்க்கு உணவு என்று மூன்றோடு முடித்துவிடுகிறோம். எழுத்தாளர் சிட்டியும் ஜானகிராமனும் ஆற்றோடு பயணம் செய்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யைக் கதையே பிடிக்காது என்பவரிடம் கொடுத்துப் பார்த்தேன். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நடுவிலும் படித்து முடித்தார்.

பருவம் பார்க்காமல் கொடுப்பது எங்கள் பக்கத்துக்கே உரிய தவறு. ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை நெல் சாகுபடி. அது முடிவதற்குள் சம்பா. அந்த மாதங்களில் விவசாயிக்குச் சிறுகதைத் தொகுப்புதான் சரி, வரப்பில் உட்கார்ந்து ஒன்றை முடித்துவிடலாம். கனத்த புத்தகங்களுக்குத் தை அறுவடை முடிய வேண்டும். இது தெரியாமல் ஓர் ஆடி மாதத்தில் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை ஒருவர் தலையில் கட்டினேன். ஐப்பசியில் தாமதக் கட்டணத்தோடு வந்தார். பத்துப் பக்கம்கூடப் போகவில்லை. இந்த மாசியில் அவரே கேட்டு வாங்கிப் போனார். இப்போது, மாயவரத்தில் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சாமிநாதையர் பாடம் கேட்கும் இடம்வரை படித்திருக்கிறாராம்.